வீட்டுக்குள் யாரும் நிற்பதில்லை

தச்சர் வீட்டுக்கு யார் போனாலும் வாசலிலேயே குரல் வந்துவிடும். "செருப்பைக் கழட்டாதீங்க, அப்படியே வாங்க!"

உலகத்தில் எந்த வீட்டிலாவது இப்படி ஒரு உபசாரம் உண்டா? எதிர் வீட்டுத் தபால்காரர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "எங்க வீட்டுல செருப்போட உள்ள கால் வெச்சா எம் பொண்டாட்டி என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவா. இங்க என்னடான்னா, கழட்டினா கோவிச்சுக்கறாரு மனுஷன்." காரணம் அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் சிரிப்பார். சிரிக்காமல் அந்த வாசலில் கொஞ்ச நேரம் நிற்பது கஷ்டம்.

அந்த வீட்டின் சட்டம் இதுதான். காலில் செருப்பு இருந்தால் நிற்கலாம். செருப்பு இல்லாதவர்கள் முட்டி போட்டுத்தான் நடமாட வேண்டும். சட்டம் போட்டவர் தச்சர். அதற்குக் கட்டுப்பட்டவர்கள் அவரும் அவர் மனைவியும். யாருக்காகப் போட்டாரோ அந்தக் குழந்தைக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. அவளைப் பொறுத்தவரை உலகமே அப்படித்தான்.

குழந்தையைப் பட்டாணி என்று கூப்பிடுவார்கள். நாலு வயது தாண்டிவிட்டது, வாய்க்கு மட்டும் நாற்பது வயது. பிறக்கும்போதே அவளுடைய இரண்டு கால்களும் முட்டிக்குக் கீழே குட்டையாக, மடங்கி, பாதங்கள் உள்பக்கம் திரும்பி இருந்தன. பிரசவம் பார்த்த நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொடுத்தபோது முகத்தை மட்டும்தான் காட்டினாள். தச்சர் துணியை விலக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி சுற்றி வைத்தார்.

எலும்பு டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். "முட்டிக்குக் கீழ ரெண்டு எலும்பு இருக்கணும். பாரம் தாங்கறது பெரிய எலும்பு. அது இவளுக்கு ரெண்டு கால்லயும் உருவாகவே இல்ல. பக்கத்துல இருக்கற மெல்லிசு எலும்பு மட்டும்தான் இருக்கு. அதனாலதான் பாதம் அப்படித் திரும்பியிருக்கு. வேற எந்தக் குறையும் இல்ல, நல்லா வளருவா."

"ஏன் டாக்டர் இப்படி ஆச்சு?" என்று கேட்டாள் தச்சரின் மனைவி. அவளுக்கு மருந்துக் கடையில் வேலை. பகலெல்லாம் நின்றபடி மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். கர்ப்பமான புதிதில் தலைவலிக்கு என்ன போட்டுக்கொண்டோம், இருமலுக்கு என்ன குடித்தோம், எந்தப் பெட்டியைத் தூக்கினோம் என்று ஒவ்வொன்றாக நினைவுபடுத்தித் தன்னைத் தானே விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"கரு உண்டான முதல் சில வாரத்துலயே நடந்து முடிஞ்சிருக்கும்மா. நீங்க கர்ப்பம்னு உங்களுக்கே சரியாத் தெரிஞ்சிருக்காது. சில குடும்பத்துல பரம்பரையா வரும், உங்களுக்கு அப்படியும் தெரியல. பல சமயம் காரணமே கிடைக்காது. நீங்க எதுவும் பண்ணி இது வரல."

யார் மீதும் தப்பில்லை என்பது கேட்பதற்கு ஆறுதலாகத்தான் இருக்கும். ஆனால் தப்பு என்று ஒன்று இருந்தால் யாரையாவது பிடித்துத் திட்டித் தீர்க்கலாம், காலில் விழுந்து மன்னிப்பாவது கேட்கலாம். இதில் அதற்கும் வழியில்லை. வயிற்றெரிச்சலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அவள் மருந்துக் கடையில் அலமாரி அலமாரியாகத் துடைத்தாள். அவர் பட்டறையில் மரத்தை இழைத்துத் தள்ளினார்.

பட்டாணிக்கு இந்த விசாரமெல்லாம் கிடையாது. முட்டியை ஊன்றிக்கொண்டு வீடெல்லாம் சிட்டாய்ப் பறந்தாள். அவளுடைய பாதங்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். ஒன்று அக்கா, ஒன்று தங்கச்சி என்று அவள் வைத்திருந்தாள். இரண்டும் பேசிக்கொள்ளுமாம், சண்டை போடுமாம், சில நாள் டூ விட்டுக்கொள்ளுமாம். கால்விரல்களால் பென்சிலை இடுக்கித் தரையில் கிறுக்குவாள். அம்மா திட்டினால், "நான் இல்ல, தங்கச்சி" என்பாள்.

ஆரம்பத்தில் தச்சர் நல்லெண்ணத்தோடுதான் தரைக்கு இறங்கினார். அப்பாவை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்த குழந்தை ஒருநாள் குப்புற விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டாள். அவர் பதறிப்போய் முட்டி போட்டு அவளுக்கு நேராக முகத்தை வைத்துப் பேசினார். ரத்தம் வழிகிற வாயோடு அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் மனுஷன் விழுந்துவிட்டார். மறுநாளிலிருந்து வீட்டுக்குள் வந்தால் முட்டிதான். மனைவியும் சேர்ந்துகொண்டாள். அதன்பிறகு ரம்பத்தை எடுத்து மேசையின் கால்களை அறுத்தார். கட்டிலின் கால்களை அறுத்தார். அடுப்பு கீழே வந்தது, குழாய் கீழே வந்தது, விளக்கு ஸ்விட்ச் கீழே வந்தது. நிமிர்ந்து செய்ய வேண்டிய வேலை எதுவும் அந்த வீட்டில் மிச்சமில்லை. வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது, எல்லாம் கனகச்சிதம்.

அத்தோடு நின்றிருந்தால் தேவலை. ஒரு காலையில் அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அப்பா, வெளிய போனா மட்டும் நீ ஏன் பெருசாயிடற?"

அவர் திரும்பினார். என்ன சொல்வது? வாயில் வந்ததைச் சொன்னார். "செருப்பு போட்டேன்ல, அதான்."

"செருப்பு போட்டா பெருசாயிடுவாங்களா?"

"ஆமா கண்ணு."

"அப்ப எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு."

"கொஞ்சம் வளரு, வாங்கித் தரேன்."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் ஒரு பொய்யை வளர்ப்பது பிள்ளை வளர்ப்பதைவிடப் பெரிய வேலை. அதற்குப் பிறகு விருந்தாளி யாரும் வெறுங்காலோடு அந்த வீட்டுக்குள் நிற்க முடியாமல் போயிற்று. டிவியில் மிருகங்கள் வரும் படம் மட்டும்தான். வெளியே போனால் இடுப்பிலோ தள்ளுவண்டியிலோ கூட்டிப் போவார்கள், தெருவில் எல்லார் காலிலும் ஏதோ ஒன்று இருக்கும். பட்டாணி ஒவ்வொரு செருப்பையும் உற்றுப் பார்த்துக்கொண்டே வருவாள். "அந்த ஆளு செருப்பு ரொம்ப நல்ல செருப்பும்மா, எவ்வளவு ஒசரம் பாரு!" என்பாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இதற்கிடையில் டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். முட்டியோடு கீழ்ப்பகுதியை எடுத்துவிட வேண்டும். ஆறின பிறகு செயற்கைக் கால் பொருத்தலாம். சின்ன வயதென்றால் சீக்கிரம் பழகிவிடும், ஓடக்கூட ஓடுவாள்.

"இருக்கற காலையே நேராக்க முடியாதா டாக்டர்?" என்று தச்சரும் ஒவ்வொரு முறையும் கேட்டார்.

"நேராக்கிப் பாக்கலாம். ஆனா முட்டியை நீட்டற தசையே இவளுக்கு இல்ல. ஆபரேஷன் மேல ஆபரேஷனா வருஷக்கணக்குல படுக்க வெச்சாலும் அந்தக் கால் இவளைத் தாங்காது. ஏற்கெனவே தள்ளிப் போட்டுட்டீங்க. இன்னும் தள்ளாதீங்க."

மனைவிக்குப் புரிந்துவிட்டது. அவருக்கும் புரிந்தது, மனசுதான் இடம் கொடுக்கவில்லை. தொட்டால் கூச்சத்தில் நெளிகிற அந்தக் குட்டி விரல்களை வெட்டச் சொல்லி எப்படித் தலையாட்டுவது? ஒருநாள் சாப்பிடும்போது அவள் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டாள்.

"மேசைக் காலை அறுக்கும்போது உங்களுக்குக் கை நடுங்கலையே. கட்டில் காலை அறுத்தீங்க. வீட்டுல இருக்கற எல்லாக் காலையும் அறுத்தாச்சு, அவ நடக்கறதுக்கு ஆக வேண்டியதை மட்டும் பண்ண மாட்டேங்கறீங்க. வீட்டைக் குட்டையாக்கிட்டீங்க, சரி. தெருவை என்ன பண்ணுவீங்க? பள்ளிக்கூடத்தை என்ன பண்ணுவீங்க?"

அவர் கையை உதறிவிட்டு எழுந்துபோகப் பார்த்தார். எழுந்து போக முடியாது என்பதால் முட்டியிட்டுப் போனார். கோபமாக முட்டியிட்டுப் போகிற மனுஷனைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். அவளுக்கு அழுகைதான் வந்தது.

கடைசியில் அவரும் தலையாட்டினார், ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். டாக்டரம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "குழந்தைகிட்ட முன்னாடியே உண்மையைச் சொல்லிடுங்க. மயக்கம் தெளிஞ்சு பாக்கும்போது கால் இல்லைன்னா, அதுக்கப்புறம் உங்க ரெண்டு பேரையும் அது நம்பாது. யாரு சொல்லப் போறீங்க?"

தச்சர், "நான் சொல்றேன்" என்றார். அவர் சொன்ன பொய்தானே, அவர்தான் அவிழ்க்க வேண்டும்.

சொன்னார். பாதி சொன்னார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டாணியை எதிரில் உட்கார வைத்து, "ஆஸ்பத்திரிக்குப் போவோம். டாக்டரம்மா உனக்கு மருந்து குடுத்துத் தூங்க வெப்பாங்க. இந்தக் காலை எடுத்துட்டு, அப்புறமா வேற கால் வெப்பாங்க" என்றார்.

அவள் இரண்டு பாதங்களையும் கையால் பொத்திக்கொண்டாள். "அக்காவையுமா?"

"ரெண்டையும்தான் கண்ணு."

வெகுநேரம் யோசித்துவிட்டு, பெரிய மனுஷி மாதிரி பொறுமையாக அவருக்கு விளக்கினாள். "அப்பா, உனக்கு ஒண்ணுமே தெரியல. பாதத்தை எடுத்துட்டா நான் செருப்பை எதுல போடுவேன்? செருப்பு போடாம எப்படிப் பெருசாவேன்?"

தச்சர் அப்போதே எழுந்து நின்று காட்டியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை. "பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார். பாத்துக்கலாமாம்! எதைப் பார்த்துக்கொள்வதாக இருந்தாரோ தெரியவில்லை.

ஆபரேஷன் சமயத்தில் ஒத்தாசைக்கு இருக்கட்டும் என்று தச்சரின் அக்கா வந்தாள். பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கும் வேலை. பல வருஷம் மண்டியிட்டுத் துடைத்து இரண்டு முட்டியும் தேய்ந்துபோனவள். வீட்டுச் சட்டத்தைப் போனிலேயே தம்பி சொல்லியிருந்தார். "சரிடா, சரிடா, செருப்போட வரேன்" என்று அவளும் சொல்லியிருந்தாள். ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. வாசலில் பையை இறக்கினாள், செருப்பைக் கழற்றினாள், "மருமகளே, எங்கடி இருக்க?" என்று கூவிக்கொண்டு நேராக உள்ளே நடந்தாள். வீட்டை ஒட்டியிருந்த பட்டறையில் இழைப்பு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தச்சருக்கு எதுவும் கேட்கவில்லை.

பட்டாணி அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தாள்.

"அத்தை, உன் செருப்பு எங்க?"

"வாசல்ல கெடக்குடி."

"அப்ப நீ ஏன் இன்னும் பெருசாவே இருக்க?"

அத்தைக்கு அப்போதுதான் சுருக்கென்றது. நாக்கைக் கடித்துக்கொண்டு அவசரமாக முட்டி போடப் பார்த்தாள். முட்டி மடங்கினால்தானே? சுவரைப் பிடித்துக்கொண்டு பாதி குனிந்து, "ஐயோ அம்மா" என்று மாட்டிக்கொண்டு, கீழேயும் போக முடியாமல் மேலேயும் வர முடியாமல் மெஷின் சத்தத்தையும் மீறித் தம்பியைக் கூப்பிட்டுக் கத்தினாள்.

அவர் ஓடி வந்தார். வாசலில் செருப்பை உதறினார், உதறிய கையோடு முட்டியில் விழுந்தார். அவ்வளவு அவசரத்திலும் அது தவறவில்லை.

பட்டாணி அவரையே பார்த்தாள். "எந்திரி" என்றாள்.

"கண்ணு…"

"எந்திரிப்பா."

தச்சர் எழுந்து நின்றார். தன் வீட்டுக்குள், வெறுங்காலோடு, மகளுக்கு முன்னால் நின்றார். அவருக்கே கூச்சமாக இருந்தது. அவள் கழுத்தை வளைத்து அவரை மேலே வரை பார்த்தாள். பிறகு மெதுவாக முட்டியால் நகர்ந்து வந்து அவருடைய காலை முட்டிக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்த்தாள். உள்ளே கெட்டியாக எலும்பு இருந்தது. தன்னுடையதை அழுத்திப் பார்த்தாள்.

"அம்மாவுக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"எல்லாருக்கும் தெரியுமா, நிக்கறதுக்கு?"

அவர் தலையை ஆட்டினார். அவள் இரண்டு கையையும் தூக்கினாள். "என்னைப் பிடிச்சுக்கோ. நானும் நிக்கறேன்."

அக்குளில் கை கொடுத்து அவர் தூக்கிப் பிடித்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முக்கினாள். மடங்கிய கால் மடங்கியபடியே இருந்தது. பாதங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி காற்றில் ஆடின. மறுபடி முக்கினாள். முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"வராது கண்ணு" என்றார் தச்சர். "பெரிய எலும்பு உனக்கு வரவே இல்ல. செருப்பு போட்டாலும் வராது. அப்பா பொய் சொல்லிட்டேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தார். அழவில்லை. "எல்லாரும் சேர்ந்து விளையாடினீங்களா?" என்று கேட்டாள். "எங்கிட்ட மட்டும் ஏன் சொல்லல?"

அத்தை சுவரைப் பிடித்தபடியே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தச்சர் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். அணைப்புக்குள் பட்டாணி கட்டை மாதிரி விறைத்திருந்தாள்.

மனைவி வேலை முடிந்து வந்து, விஷயம் தெரியாமல் வாசலில் முட்டி போட்டாள். "நீயும் எந்திரி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அன்றைக்கு அவள் வாசலைத் தாண்டுவதற்குள் ஒரு யுகம் ஆனது.

அதற்குப் பிறகு யாரும் அந்த வீட்டில் முட்டி போடவில்லை. போட்டால் பட்டாணி விடுவதில்லை. எல்லாரும் மேலே நடந்தார்கள், அவள் மட்டும் கீழே இருந்தாள். எதைப் பார்க்கக் கூடாது என்று தச்சர் இத்தனை நாளும் முட்டி தேய நடந்தாரோ, அதைத் தினமும் பார்த்தார். கால் எடுப்பதைப் பற்றி இப்போது முழுதாகச் சொன்னார்கள். வேறு கால் வரும், முதலில் தடுமாறும், பிறகு நிற்கலாம், நடக்கலாம். அவள் எதிர்க்கவில்லை. கேட்டுக்கொண்டாள். ஆனால் அவர் சொல்வதை இன்னொருவரிடம் சரிபார்க்காமல் அவள் எதையும் எடுத்துக்கொள்வதில்லை. "வெளிய மழை பெய்யுது" என்று அவர் சொன்னால், அத்தையைக் கூப்பிட்டு, "பெய்யுதா?" என்பாள். அந்த வீட்டில் கீழே இறக்கப்படாதது ஜன்னல் ஒன்றுதான், அவளால் எட்டிப் பார்க்க முடியாது.

ஆபரேஷன் அன்று காலையில் அத்தை பட்டாணியின் தலையை வாரிவிட்டாள். மனைவி அந்த இரண்டு பாதங்களுக்கும் எண்ணெய் தடவி, ஒவ்வொரு விரலாக நீவிவிட்டாள். "டாட்டா சொல்லு" என்றாள் பட்டாணி, தன் பாதங்களைப் பார்த்து. அக்காவைத் தங்கச்சிக்கு டாட்டா சொல்லச் சொன்னாளோ, தங்கச்சியை அக்காவுக்கோ. மனைவி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆபரேஷன் அறை வாசல் வரை ஒருவர்தான் வரலாம் என்றார்கள். தச்சர் தூக்கிக்கொண்டு போனார். பச்சை உடுப்போடு ஒரு நர்ஸ் சிரித்த முகமாகக் காத்திருந்தாள். சின்னப் பெண், வேலைக்குப் புதிது போல.

பட்டாணி அப்பாவின் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே கேட்டாள். "வலிக்குமா?"

வலிக்காது என்ற சொல் அவர் நுனி நாக்குக்கு வந்துவிட்டது. எத்தனை சுலபமான சொல் அது! விழுங்கினார். இனி இந்தக் குழந்தையிடம் ஒரு பொய்யும் சொல்வதில்லை என்று அவர் முடிவு பண்ணியிருந்தார்.

"தூங்கும்போது தெரியாது கண்ணு. முழிச்சதும் வலிக்கும். நெறைய வலிக்கும். மருந்து குடுப்பாங்க, கொஞ்சம் கொஞ்சமாக் கொறையும். அப்பா பக்கத்துலயே இருப்பேன்."

அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். எங்கேயாவது பொய் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடினாள் போலும். பிறகு திரும்பி நர்ஸிடம் கேட்டாள். "அக்கா, முழிச்சதும் வலிக்குமாம். வலிக்குமா?"

"சீச்சீ! யாரு சொன்னாங்க?" என்றாள் நர்ஸ். அவளும் குழந்தை பயப்படக் கூடாது என்றுதான் சொன்னாள். "வலிக்கவே வலிக்காதுடா செல்லம். தூங்கி எந்திரிச்சா எல்லாம் சரியாப் போயிருக்கும்."

பட்டாணியின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. அப்பாவைப் பார்த்து, கோபம்கூட இல்லாமல், "நீ எப்பவும் பொய்தான்பா சொல்ற" என்றாள். இரண்டு கையையும் நீட்டி நர்ஸிடம் தாவிக்கொண்டாள். அவளுடைய தோளில் தலை சாய்த்தபடி உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

தச்சர் வாயைத் திறந்தார். என்ன சொல்லிக் கூப்பிடுவது? நர்ஸ் சொல்வதுதான் பொய் என்று கத்துவதா? திரும்பி, மனைவி உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு வந்தார்.

"அழுதாளா?" என்றாள் அவள்.

"இல்ல. சிரிச்சுக்கிட்டே போனா."

"நல்லவேளை" என்று அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே குழந்தை இன்னும் சில மணி நேரத்தில் முழித்துக்கொள்ளும். அப்போது அவளுக்கு வலிக்கும். அப்பா சொன்னது உண்மை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரியும்.